மரக்குதிரை முதல் சக்திமான் வரை

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. நெல்லைச் சீமையின் வடபகுதியாக நெடுங்காலம் இருந்து, 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஊராயிற்று. கரி என்றால் யானை. யானை வலம் வந்த நல்லூர் என்று ஊரின் பெயரே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அந்த யானை எங்கிருந்து வந்தது, எத்தனை முறை சுற்றியது என்று அளவுகோலும் கையுமாக எவரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காததால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததும் இல்லை.

1990-களின் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், அவ்வூரில் உறவினர் இல்லமொன்றில் நாம் விருந்துக்கு அமர்ந்திருந்தோம். கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பும் பொன்னிறமும் கலந்த உடையில் ஒரு வீரன் தன்னைத்தானே பம்பரம்போல் சுழற்றிக்கொண்டு விண்ணில் எழுந்தான். அவன்தான் சக்திமான். சோற்றில் வைத்த கையை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் திடீரென்று நம் பக்கம் திரும்பினான்.

"மாமா, இம்புட்டு வேகமாச் சுத்துனா அவருக்குத் தல சுத்தாதா?"

கூடத்தில் இருந்தவர் அனைவரும் சிரித்துவிட்டனர். "கதையில போயி கேள்வி கேக்கலாமாடா? பேசாமச் சாப்பிடு" என்றார் பெரியவர் ஒருவர். நாமும் சேர்ந்து சிரித்தோம். சிறுவன் முகம் சிவந்து தலைகுனிந்தான். அன்று அவனுக்கு விடை கூறாமல் விட்டது நம்முடைய பிழை. இக்கட்டுரை காலங்கடந்து அளிக்கப்படும் அவ்விடையே ஆகும்.

எல்லைக்கல்

நடக்கவியலாத ஒன்றை நடந்ததாகக் கதை சொல்கிறது. நாமும் மனமுவந்து கேட்கிறோம். நாம் அறிவிலிகள் என்பதால் அன்று. கேட்கும் நேரத்திற்கு மட்டும் ஐயத்தை ஒருபுறம் எடுத்து வைத்துவிடுகிறோம். 1817-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலொன்றில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இம்மனநிலைக்கு ஒரு பெயர் சூட்டினார். அவநம்பிக்கையைத் தாமாகவே விரும்பி ஒத்திவைத்தல் என்பது அதன் கருத்து. 1798-இல் வோர்ட்ஸ்வர்த்துடன் இணைந்து ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டபோது, இயற்கைக்கு அப்பாற்பட்டவற்றைப் பாடும் பொறுப்பு தம்முடையதாய் இருந்ததை நினைவுகூர்கையில் அவர் இதனைக் கூறினார். இதில் உயிரான சொல் 'விரும்பி' என்பதேயாகும். ஒத்திவைத்தவர் நாமே, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் நமக்கே உண்டு.

தமிழருக்கு இது புதிய கருத்தன்று. தொல்காப்பியர் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டினார். புலவன் புனைந்துரைப்பது ஒன்று. உலகில் நிகழ்வது மற்றொன்று. இரண்டும் கலந்தே இலக்கியம் பிறக்கிறது. ஆயினும் எது எதுவென்று அறிந்தே கலக்கவேண்டும் என்பது அதன் குறிப்பு.

அரபு நாட்டுக் கதைசொல்லிகள் இருந்தது என்றும் இல்லாமலும் இருந்தது என்றும் பொருள்கொள்ளத்தக்க ஒரு வாய்பாட்டுடனேயே கதையைத் தொடங்கினர். நம் பாட்டிமார் ஒரே ஊரில் ஒரே ஓர் அரசன் என்று தொடங்கினர். அந்த முதற்சொல் விழுந்ததுமே குழந்தைக்குத் தெரிந்துவிடும், இனி வருவது வேறோர் உலகம் என்று. வயலுக்கு வயல் நடப்பட்ட எல்லைக்கல் போன்றது அது. கல்லுக்கு அப்பால் அன்னம் பேசலாம், மலை நகரலாம். கல்லுக்கு இப்பால் நெருப்பு சுடும், உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும்.

நல்ல கதைக்கு இன்னொரு பண்பும் உண்டு. அது தனக்கென ஒரு சட்டத்தை வகுத்துக்கொண்டு, பின் அதனை மீறாமல் நடக்கும். 16-ஆம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர்களுள் அதிவீரராமர் நைடதம் பாடினார். அவருடைய உறவினரான வரதுங்கராமர் கரிவலம்வந்தநல்லூரில் இருந்தவர். நைடதம் கூறும் நளன் கதையில் தமயந்தியின் சுயம்வர மண்டபத்துக்குத் தேவர் நால்வர் நளனுடைய உருவிலேயே வந்து அமர்கின்றனர். ஐந்து நளன்களுள் மெய்யான நளன் எவன்? தமயந்தி கலங்கி நிற்கவில்லை, கூர்ந்து நோக்குகிறாள். தேவர்களின் இமை கொட்டாது, கால் நிலத்தில் தோயாது, அவர்கள் சூடிய மாலை வாடாது. இக்குறிகளைக் கொண்டே மனிதனைக் கண்டுகொள்கிறாள். கதைக்குள் நிற்கும் ஒருத்தியே ஐயப்பட்டு ஆராய்கிறாள் என்பதை நாம் கவனிக்கவேண்டும். கதையில் கேள்வி கேட்கலாகாது என்று சொன்ன பெரியவர், அதே மண்ணின் பாண்டியர் பாடிய கதையை மறந்துவிட்டார் போலும்.

பக்தாதில் இரு நூல்கள்

ஆயிரத்தோரு இரவுகளில் கருங்காலி மரத்தாற்செய்த குதிரையின் கதை வருகிறது. பாரசீக மன்னன் ஒருவனிடம் அறிஞன் ஒருவன் அக்குதிரையைக் கொண்டுவருகிறான். இளவரசன் ஏறி அமர்கிறான். மேலே எழுப்பும் விசையை மட்டும் காட்டிக்கொடுத்த அறிஞன், கீழே இறக்கும் விசையைக் காட்டாமல் மறைத்துவிடுகிறான். விண்ணில் வெகுதூரம் சென்ற இளவரசன் அஞ்சி அலறவில்லை. மேலே ஏற்றும் விசை ஒன்று இருந்தால் இறக்கும் விசையும் இருந்தாகவேண்டும் என்று எண்ணுகிறான். குதிரையின் உடலெங்கும் தடவித் தேடி மறுதோளில் அதனைக் கண்டுபிடிக்கிறான். மரக்குதிரை பறப்பது பொய். ஆனால் அதன்மேல் அமர்ந்து அவன் சிந்தித்த முறை மெய்.

இதே நாகரிகம் மற்றொரு வகை நூலையும் ஈன்றது. கி.பி. 850-ஐ ஒட்டி பக்தாதில் பனூ மூஸா எனப்படும் உடன்பிறந்தார் மூவர் கிதாபுல் ஹியல் என்னும் நூலைச் செய்தனர். தானே நீரைச் சீராகப் பீய்ச்சும் ஊற்று, மிதவையால் திறந்து மூடும் அடைப்பான் என்று ஏறத்தாழ நூறு பொறிகள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. 1206-இல் தியார்பக்கிர் நகரில் அல்ஜஸரீ என்னும் பொறியாளர் ஐம்பது கருவிகளை விளக்கி மற்றொரு நூலை முடித்தார். யானையின் முதுகில் அமைந்த அவருடைய நீர்க்கடிகாரம் உலகப் புகழ் பெற்றது. படிப்பவர் தாமே செய்து பார்க்கும்படி, உறுப்புக்கள் எவ்வெவ்வாறு பொருந்தவேண்டும் என்று அவர் படமெழுதிக் காட்டினார்.

ஒருபுறம் மரக்குதிரை, மறுபுறம் யானைக் கடிகாரம். கதைக்குதிரையைத் தச்சனிடம் செய்துதரச் சொல்லி எவரும் கேட்கவில்லை. கடிகாரத்தைக் கதையென்று எவரும் தள்ளவுமில்லை. எல்லைக்கல் நின்ற இடத்தில் நின்றது.

அக்கல்லைத் தாண்டத் துணிந்தவரும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்து 887-இல் மறைந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ், உடலில் இறகு போர்த்துச் சிறகு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து காற்றில் மிதந்து சென்றார் என்று, அவருக்கு ஏழு நூற்றாண்டுகள் பிற்பட்ட அல்மக்கரீ என்னும் வரலாற்றாசிரியர் குறிப்பிட்டுள்ளார். சிறிது தொலைவு சென்றவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை தரையிறங்குகையில் வாலைப் பயன்படுத்துகிறது. அவர் தமக்கு வால் அமைக்கவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மரக்குதிரை ஏறிய இளவரசனுக்கு இறங்கும் விசை கிடைத்தது. உண்மைக் காற்றில் இறங்கிய இப்னு பிர்னாஸுக்கு அது கிடைக்கவில்லை. நாடக வழக்குக்கும் உலகியல் வழக்குக்கும் உள்ள தொலைவு, அடிபட்ட அந்த முதுகின் வலிதான்.

நம் வீட்டுத் தாமிரப்பட்டணம்

இத்தகைய விந்தைக் கதைகள் தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுவந்தவை அல்ல. கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் இரவெல்லாம் ஒருவர் இசையோடு படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்ட சமுதாயம் நம்முடையது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (மறைவு 1898) அரபுத் தமிழில் ஆக்கிய தாமிரப்பட்டணம், ஆயிரத்தோரு இரவுகளிலும் இடம்பெற்றுள்ள செம்புநகரக் கதையைத் தழுவியதாகும். வரலாற்றில் வாழ்ந்த மூஸா இப்னு நுஸைர் அக்கதையில் பாலைவனம் கடந்து செல்கிறார். மூலக் கதையில் வழி தெரியாத இடத்தில் பித்தளையாற் செய்த குதிரைவீரன் ஒருவன் நிற்கிறான். அவன் கையைத் தேய்த்தால் அவ்வுருவம் சுழன்று, செல்லவேண்டிய திசையைக் காட்டி நிற்கிறது. இன்றைய மொழியில் கூறினால் அதுவும் ஓர் இயந்திர மனிதன்தான்.

ஆனால் அப்பயணத்தின் முடிவில் நாம் காண்பது என்ன? மாண்டுபோன நகரம், மன்னர்களின் கல்லறைகள், செல்வம் நிலையாது என்று கூறும் கல்வெட்டுக்கள். பொய்யான பித்தளை வீரன் நம்மை மெய்யான ஓரிடத்தில் கொண்டு சேர்க்கிறான்.

பின்னர் அச்சு வந்தது, நாளிதழ் வந்தது. 1960-ஆம் ஆண்டு தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு படக்கதையில் சிந்துபாத், விரலளவாகச் சுருங்கிய லைலாவைச் சுமந்துகொண்டு தமிழகத்தின் தேநீர்க்கடைகள்தோறும் நுழைந்தான். தலைமுறைகள் கடந்தும் அவன் பயணம் முடியவில்லை. அதைப் பற்றிப் பகடி பேசாத தமிழர் இல்லை. அப்பகடியும் ஓர் எல்லைக்கல்லே. சிரித்துக்கொண்டே படிப்பவன் ஏமாறுவதில்லை.

அறிவியல் அங்கி அணிந்த கதைகள்

தொலைக்காட்சி தோன்றியபின் வீரச்செயற் கதைகள் புதிய உடை ஒன்றை அணிந்துகொண்டன. மந்திரம் என்ற சொல் மறைந்து, கதிர் என்றும் அணு என்றும் இயந்திரம் என்றும் சொற்கள் வந்தன. அவ்வுடைக்குள் இருந்தது பெரும்பாலும் பழைய மந்திரமேயாகும்.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ஸ்டார் டிரெக் தொடரில், மனிதரை ஓரிடத்தில் கரைத்து மற்றோரிடத்தில் உருவாக்கும் கருவி ஒன்று வருகிறது. வாரந்தோறும் விண்கலம் ஒவ்வொரு கோளிலும் இறங்குவதைப் படமாக்கினால் பொருட்செலவு மிகும் என்பதால் பிறந்த உத்தி அது. அணுவின் நுண்துகள் ஒன்றின் இடத்தையும் வேகத்தையும் ஒருங்கே துல்லியமாக அறியவியலாது என்று ஹைசன்பர்க் 1927-இல் நிறுவியிருந்தார். அப்படியிருக்க, ஒரு முழு மனிதனின் அத்தனை அணுக்களையும் அளந்து அனுப்புவது எங்ஙனம்? பிற்காலத் தொடரை ஆக்கியோர் அத்தடையை ஈடுசெய்யும் கருவி என்று ஒரு பெயரைப் புனைந்து, அதையும் கலத்தில் பொருத்தியதாகச் சொல்லிவிட்டனர். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கப்பட்டபோது, மிக நன்றாகவே வேலை செய்கிறது, நன்றி என்ற பொருளில் ஒருவர் விடையளித்தார். இக்குறும்பில் நேர்மை உண்டு. இது விளையாட்டு என்று அவர் ஒப்புக்கொள்கிறார்.

1974-இல் தொடராக வந்த ஆறு மில்லியன் டாலர் மனிதன் என்பதையும் எடுத்துக்கொள்வோம். விபத்தில் சிதைந்த வீரனுக்கு இயந்திரக் கையும் கால்களும் பொருத்தப்படுகின்றன; அக்கையால் பெருஞ்சுமைகளைத் தூக்குகிறான். இரும்புக்கை தூக்கலாம், அந்தக் கை பொருந்தியுள்ள தோளும் முதுகெலும்பும் மனிதனுடையவை அன்றோ? சுமை முழுவதும் அவற்றின்மேல்தானே வந்து விழும்? கிணற்றுக் கப்பி எத்துணை உறுதியாயினும், அது தொங்கும் கட்டை உளுத்திருந்தால் வாளி மேலே வருமா?

1980-களில் தூர்தர்ஷன் வழியாக இந்தியச் சிறுவர்களும் ஸ்டார் டிரெக்கைக் கண்டனர். ஜப்பானிய ஜயண்ட் ரோபோவையும் கண்டனர். வானளாவ நின்று போரிடும் அந்த இயந்திர அரக்கனுக்கும் கன்னித்தீவின் விரலளவு லைலாவுக்கும் ஒரே விதியில் விடை இருக்கிறது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் அவ்விதியை விளக்கினார். ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால், அதன் எடை ஆயிரம் மடங்காகும். அதனைத் தாங்கும் காலின் குறுக்குப்பரப்போ நூறு மடங்குதான் ஆகும். ஆகவே ஒவ்வோர் அங்குல எலும்பும் பத்து மடங்கு பாரம் சுமக்க நேரிடும். மாறாக, உருவத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், உடலின் அளவுக்குத் தோலின் பரப்பு பத்து மடங்கு மிகுந்துவிடும். உடற்சூடு விரைந்து வெளியேறும். லைலா உயிர்வாழ வேண்டுமானால் மூஞ்சூறு போல் இடையறாது தின்றுகொண்டே இருக்கவேண்டும்! இதை அறிந்தபின் கன்னித்தீவு சுவை குன்றுவதில்லை. சிறுவன் ஒருவனுக்கு அது இன்னும் சுவை கூட்டும்.

பார்க்கும் பிள்ளையை நினைவில் கொண்ட ஆக்குநரும் இருந்தனர். 1985 முதல் 1992 வரை வந்த மெக்கைவர் தொடரின் வீரன் கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டே வெடியும் பொறியும் செய்வான். அதனை ஆக்கியோர் வேண்டுமென்றே முக்கியமான பொருள் ஒன்றை விடுத்தே காட்டினர். வீட்டில் எந்தப் பிள்ளையும் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதென்பது அவர்கள் கருத்து. அறிவியலில் வேண்டுமென்றே விட்ட அந்தக் குறை, அவர்கள் நட்டுவைத்த எல்லைக்கல்.

ஆசிரியராக வந்த பெட்டி

நம் நாட்டில் இக்கல் ஏன் எளிதில் மறைந்தது என்பதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. மேலை நாடுகளில் தொலைக்காட்சி கேளிக்கையாக வீட்டிற்குள் நுழைந்தது. இந்தியச் சிற்றூருக்கோ அது ஆசிரியராக வந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கிய ஒளிபரப்பின் முதல் நோக்கமே கல்விதான். 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்கு உழவும் உடல்நலமும் தொலைக்காட்சியில் கற்பிக்கப்பட்டன. தமிழகம் அவற்றுள் சேரவில்லை; ஆயினும் அதே ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் பிறந்தது. அது வழங்கிய வயலும் வாழ்வும் நிகழ்ச்சி விதைக்கும் உரத்திற்கும் வழி சொன்னது. செய்தி சொன்னதும் அதே பெட்டி. புயல் எச்சரிக்கை தந்ததும் அதே பெட்டி. பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன் தரையில் அமர்ந்து பார்த்த தலைமுறைக்கு, பெட்டியில் வருவது மெய் என்னும் எண்ணம் ஊறிப்போயிற்று. பின்னர் அந்தப் பெட்டியே கதைசொல்லியாகவும் மாறியபோது, ஆசிரியரின் மதிப்பையும் கதைசொல்லி தன்னுடன் எடுத்துக்கொண்டான்.

1993 முதல் 1997 வரை தூர்தர்ஷன் அலிஃப் லைலாவை ஒளிபரப்பிற்று. சிந்துபாதும் ஜின்களும் மீண்டும் வந்தனர். உடையும் அரண்மனையும் மொழிநடையும் இது வேறு காலம், வேறு உலகம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தன.

1997 செப்டம்பரில் தொடங்கி 2005 மார்ச்சு வரை நீடித்த சக்திமான் அவ்வாறன்று. அதன் கதைக்களம் இன்றைய நகரம். வீரன் மறைந்து வாழும் இடம் ஒரு நாளிதழ் அலுவலகம். ஐம்பூதங்களால் ஆன உடல், தியானத்தால் ஏழு சக்கரங்கள் எழுப்பிய ஆற்றல் என்று யோகமும் அறிவியலும் குழைந்த விளக்கமொன்று அவன் பறப்பதற்குத் தரப்பட்டது. எதிரணியில் சோதனைக் குழாய்களுடன் ஒரு விஞ்ஞானி. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா, 1988-இல் தொடங்கிய மகாபாரதத்தில் பீஷ்மராக வந்து நாட்டின் நன்மதிப்பைப் பெற்றவர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆபத்தில் அழைத்த சிறுவர்களைச் சக்திமான் வந்து காப்பாற்றினான். அழைத்தால் வருவான் என்பது அக்கதையின் சட்டம். அது கதைக்குள் மட்டும் செல்லும் சட்டம் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது?

சக்திமான் காப்பான் என்று நம்பி உயரத்திலிருந்து குதித்தும் தம்மையே ஆபத்தில் ஆழ்த்தியும் சிறுவர் சிலர் காயமுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு என்று அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. அவற்றை அப்படியே ஏற்கலாகாது என்று தொடரின் தரப்பில் மறுப்பும் எழுந்தது. செய்திகளில் எத்தனை மெய், எத்தனை மிகை என்று இங்கே வழக்காட நாம் விரும்பவில்லை. ஒன்று மட்டும் உறுதி. அச்செய்திகளுக்குப் பின் வீரனே திரைக்கு வந்து, நான் செய்பவை படப்பிடிப்பு உத்திகள், எவரும் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் வேண்டினார். பிடுங்கப்பட்ட எல்லைக்கல்லைக் கதாநாயகனே தூக்கிவந்து மீண்டும் நடவேண்டியதாயிற்று. அவர் அதைச் செய்தது போற்றத்தக்கது. ஆனால் தொடக்கத்திலேயே நடப்பட்டிருக்க வேண்டிய கல் அது.

தமிழில் வந்த மர்ம தேசம் தொடரையும் இங்கே நினைக்கலாம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கி 1990-களில் சன் தொலைக்காட்சியில் வந்த அவ்வரிசையில், விடாது கருப்பு ஊரையே உறங்கவிடாமல் செய்தது. குற்றவாளியைத் தண்டிக்கும் காவல் தெய்வத்தின் குதிரைக் குளம்பொலிக்கு, ஒருவருக்குள் இருவராய்ப் பிளவுண்ட மனம் என்ற மருத்துவ விளக்கத்தை அது முன்வைத்தது. நம்பிக்கையையும் ஆராய்ச்சியையும் எதிரெதிரே நிறுத்தி, பார்ப்போரைச் சிந்திக்கத் தூண்டிய வகையில் அது தமயந்தியின் வழியில் வந்த கதை எனலாம். எனினும் மனநோய் கொண்டோர் இரவில் உருமாறிக் கொலைத்தொழில் புரிவர் என்ற எண்ணத்தை அது பலர் உள்ளத்தில் விட்டுச் சென்றிருக்கக் கூடும். மெய்யுலகில் மனநோயாளர் பிறரால் துன்புறுவதே மிகுதி. அத்தகைய ஒருவரை வீட்டில் வைத்துப் பேணும் தாய்க்கு இவ்வேறுபாடு கதையன்று. அண்டை வீட்டார் கதவைச் சாத்துவார்களா திறப்பார்களா என்னும் கேள்வி.

நெருப்பில் இட்ட ஏடுகள்

அப்படியாயின் இக்கதைகளைத் தடுத்துவிடலாமே என்று கூறுவோர் உளர். பெட்டியை மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது அவர்கள் வாதம். அவர்களுக்குக் கரிவலம்வந்தநல்லூரிலேயே ஒரு விடை கிடைக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழஞ்சுவடிகளைத் தேடி இவ்வூருக்கு வந்தார். பாண்டிய மன்னர் தொகுத்த ஏடுகள் இங்குள்ள கோயிலில் இருந்தன என்று கேள்வியுற்று வந்தவர் அவர். வந்து விசாரித்தபோது, ஏடுகள் இல்லை என்று தெரிந்தது. பழைய ஏடுகளைக் கண்டவிடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிடவேண்டும் என்று நூல் கூறுவதாக எவரோ சொல்ல, அவ்வாறே செய்துவிட்டார்கள். அச்செய்தி கேட்டுத் தாம் துடித்ததை ஐயர் எழுதிவைத்திருக்கிறார். எத்தனை நைடதங்கள் அத்தீயில் போயினவோ!

அங்கே அழிவைச் செய்தது கதையன்று. எந்த நூல் அப்படிச் சொல்கிறது, எங்கே சொல்கிறது, சொன்னால்தான் செய்யலாமா என்று ஒருவரும் கேட்காததே அழிவைச் செய்தது. கேள்வி கேளாத மனம், கதையை மெய்யென்று நம்பிக் குதிக்கவும் செய்யும். கதை எழுதிய ஏட்டையே நெருப்பில் இடவும் செய்யும். பிறர் வீட்டுக் குறையாக இதனை நாம் சுட்டவில்லை. நம் இல்லங்களின் பரண்களில் அரபுத் தமிழ் ஏடுகளைப் படிப்பாரின்றிக் கறையானுக்கு விட்டவர்கள் நாமும்தாம்.

இக்காலத்தில் இக்கவலை குறையவில்லை; பெருகியிருக்கிறது. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. இன்று அதனினும் சிறிய திரை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதில் வரும் அரை நிமிடக் காட்சிக்கு முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, ஒரே ஊரில் ஒரே ஓர் அரசன் என்ற முதற்சொல்லும் இல்லை. பறக்கும் மனிதனும் புயல் எச்சரிக்கையும் நோய்க்கு மருந்தும் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே முகத்துடன் வருகின்றன. கல் நடுவார் அங்கே எவருமில்லை. பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியுமே அதனை நடவேண்டும். அதற்குப் பெரும்படிப்புத் தேவையில்லை. பிள்ளை கேள்வி கேட்கும்போது சிரிக்காமல் இருந்தாலே பாதி கல் நட்டாயிற்று.

இனி, அன்று விட்ட விடை. நம் ஒவ்வொரு காதினுள்ளும் அரைவட்டமாய் வளைந்த மூன்று நுண்குழல்கள் உள்ளன; அவற்றில் நீர்மம் நிரம்பியிருக்கிறது. நாம் சுழலும்போது அதுவும் சுழலத் தொடங்குகிறது. நாம் சட்டென்று நின்றாலும் அது உடனே நிற்பதில்லை. குடத்து நீரைச் சுழற்றி நிறுத்தினால் நீர் மட்டும் சுழல்வது போலத்தான். கண், நின்றுவிட்டோம் என்கிறது. காது, இல்லை, சுற்றுகிறோம் என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை தடுமாறுகிறது. அதுவே தலைச்சுற்றல். கூனியா நகரில் மௌலானா ரூமியின் வழிவந்த தர்வேஷ்கள் இடக்காலை ஊன்றி நெடுநேரம் சுழல்கின்றனர். நீண்ட பயிற்சியால் அவர்களுக்கு அது பழகிவிடுகிறது. சக்திமானுக்கும் நம்மைப்போல் காதிருந்தால், முதல் நாள் தரையிறங்கியதும் எதிரியைப் பிடிக்குமுன் தூணைத்தான் பிடித்திருப்பான்.

அண்மையில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றிருந்தோம். அன்றைய சிறுவன் இன்று தந்தை. அவனுடைய ஆறு வயது மகள் கைப்பேசியில் யாரோ ஒரு வீரன் சுழல்வதைப் பார்த்துவிட்டு, தகப்பன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, மகளை முற்றத்திற்கு அழைத்துச் சென்றான். "நீயே சுத்திப் பாரு" என்றான். பத்துச் சுற்று சுற்றியவள் தள்ளாடி வந்து அவன் மடியில் விழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கலகலவென்று சிரித்தவள், சற்றுப் பொறுத்துச் சொன்னாள்:

"அப்போ அது கத."

பிறகு, "மிச்சக் கதயப் பாக்கலாமா?" என்று கைப்பேசிக்குக் கைநீட்டினாள்.